மாப்பிள்ளை பெஞ்சும் மூணு சுழி ‘ண’வும்

கேள்வி: ‘ப’ வடிவில் பிள்ளைகளை உட்காரவைக்கும் திட்டம் வந்திருந்தால் மாப்பிள்ளை பெஞ்சே ஒழிந்து, எல்லாரும் முதல் வரிசை ஆகியிருப்பார்களே! இவ்வளவு நல்ல மாற்றத்தை ஏன் கிடப்பில் போட்டார்கள்? வருங்கால வகுப்பறை அதுதானே?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: கிடப்பில் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. அறிவிப்பதற்கு முன் ஒரு வகுப்பறையிலாவது டேப் பிடித்து அளந்திருக்கலாமே என்றுதான் வருத்தம். மலையாளப் படம் ஒன்றின் தாக்கத்தில் கேரளப் பள்ளிகள் சில இதைச் செய்தன. 2025 ஜூலையில் நம் கல்வித் துறையும் சுற்றறிக்கை அனுப்பியது, சில நாளிலேயே நிறுத்தியும் வைத்தது. நடுவில் நடந்த வாக்குவாதத்தில் கணக்குப் போட்டவர்கள் குறைவு. நாம் போட்டுப் பார்ப்போம்.

20க்கு 20 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பலகை, ஆசிரியர், கதவு இவற்றுக்கு முன்பக்கம் 5 அடி போய்விடும். பின்சுவரை ஒட்டிய வரிசைக்கு டெஸ்க், பெஞ்ச் சேர்த்து 3 அடி. மிச்சம் 12 அடிதான் ‘ப’வின் ஒவ்வொரு காலுக்கும். பிள்ளைக்கு ஒன்றரை அடி வீதம் ஒரு காலில் 8 பேர், இரண்டிலும் 16 பேர். பின்வரிசையின் 20 அடியில் 13 பேர். கூட்டினால் 29. ஆனால் பின்மூலைகளில் உட்காருபவர்களின் முன்னால் பக்கவரிசை டெஸ்க் மறித்து நிற்கும், எழுந்து வர வழியிருக்காது. மூலைக்கு இரண்டு பேரைக் கழித்தால் 25 பேர்.

தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதே ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள். வகுப்பில் 40 பேர் இருந்தால் மீதி 15 பேருக்கு உள்ளே இன்னொரு ‘ப’ போட வேண்டும். வெளி வரிசைக்காரர்கள் உள் வரிசையின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு சுவரோரம் இருந்த மாப்பிள்ளை பெஞ்ச் மூன்று சுவருக்கும் பரவும், அவ்வளவுதான்.

கழுத்து விஷயத்துக்கு வருவோம். பக்கவரிசைப் பிள்ளை உட்கார்ந்திருப்பது எதிர்ச்சுவரைப் பார்த்து. பலகைக்கு அருகில் இருப்பவன் அதன் நடுப்பகுதியைப் பார்க்க 30 பாகை திரும்பினால் போதும். அதே வரிசையின் கோடியில் இருப்பவன் 60 பாகைக்கு மேல் திருப்ப வேண்டும், எழுதும்போது மறுபடி டெஸ்க் பக்கம் திரும்ப வேண்டும். டெஸ்கும் பெஞ்சும் ஒரே இரும்புச் சட்டத்தில் பற்றவைத்தவை என்றால் உடம்பைத் திருப்ப இடமில்லை, கழுத்துதான் திரும்பும். அப்படியானால் அருகில் இருப்பவன் கொடுத்துவைத்தவனா? அதுவும் இல்லை. 8 அடிப் பலகையின் எதிர் ஓரத்தை அவன் பார்ப்பது ஏறத்தாழ 22 பாகைச் சாய்வில். எழுத்தின் உயரம் அப்படியே இருக்க, அகலம் பாதிக்கும் கீழாகச் சுருங்கித் தெரியும். ஆங்கில எழுத்தாவது தப்பிக்கும். ரெண்டு சுழி ‘ன’வையும் மூணு சுழி ‘ண’வையும் சுழியை எண்ணித்தானே பிரிக்கிறோம்? சுருங்கினால் சுழியும் சுழியும் ஒட்டிக்கொள்ளும். பிள்ளை தப்பாக எழுதினால் ‘கவனமில்லை’ என்று பழி வரும்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். வடசென்னையின் நெருக்கமான தெருக்களில் பல அறைகளுக்கு ஒரு பக்கம்தான் ஜன்னல். அதற்கு முதுகு காட்டி உட்காருபவன் நோட்டில் அவன் நிழலே விழும், எதிரே இருப்பவனுக்குக் கண் கூசும். ஸ்மார்ட் போர்டு வைத்தால் கூச்சம் கூடத்தான் செய்யும்.

ஆக ‘ப’ வடிவமே தப்பா? இல்லை. செய்யுள் ஒப்பித்தல், கதை பேசுதல், விவாதம் என்று பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய பாடத்துக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. பலகையில் கணக்குப் போடும்போது அதைப்போல இடைஞ்சலும் கிடையாது. பாடத்துக்கேற்ப இருக்கை மாற வேண்டும். பிரித்து நகர்த்த முடியாத பெஞ்சை வாங்கிப் போட்டுவிட்டு வடிவத்தை மாற்று என்றால், ஒவ்வொரு பீரியடிலும் இழுத்துப் போடவே ஐந்து நிமிடம் கரையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னை இதைக் கேரளத்திடம் கற்கத் தேவையே இல்லை. 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் ஆணையர் எம்.பி.விஜயகுமார் காலத்தில் செயல்வழிக் கற்றல் வந்தபோது தொடக்க வகுப்புகளில் பெஞ்சே இல்லை. பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஆசிரியரும் கூடவே தரையில். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிலும் கரும்பலகை, அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் அவர்கள் செய்தவை தொங்கும். பாடம் சின்னச் சின்ன அட்டைகளாக இருக்கும். எந்த அட்டை முடிந்தது, அடுத்து எது என்பதை, அட்டைகளைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படத்தில் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

அது தேய்ந்ததற்குப் பெரிய தத்துவக் காரணமெல்லாம் தேட வேண்டாம். அட்டைதான் பாடம். ஒன்று கிழிந்தாலோ தொலைந்தாலோ ஏணியில் ஒரு படி போச்சு, பிள்ளை அங்கேயே நிற்கும். அட்டையை மாற்றித் தர ஆளும் பணமும் இல்லாத இடத்தில் முறை படுத்துவிடும். ‘புத்தகமே எடுக்காம என்ன படிப்பு?’ என்று கேட்ட பெற்றோருக்கு உட்காரவைத்து விளக்கவும் வேண்டியிருந்தது.

தொடக்க வகுப்புகளுக்காக 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஜூனில் அரும்பாக இருந்த பிள்ளை பிப்ரவரியிலும் அதே பாயில் அதே அரும்பாக இருந்தால், அதுதான் புது மாப்பிள்ளை பெஞ்ச். பெயர் மட்டும் அழகாக இருக்கும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. திங்கட்கிழமைதோறும் பிள்ளைகளை ஒரு வரிசை முன்னும் ஒரு இடம் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளையை மட்டும் இந்தச் சுழற்சியில் சேர்க்காமல் முன்னாலேயே வைத்துக் கண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு ஐஸ் குச்சியில் பெயர் எழுதி டப்பாவில் போட்டு, உருவிக் கேள்வி கேட்கலாம். உருவிய குச்சியை மறுபடி டப்பாவிலேயே போட வேண்டும், இல்லையென்றால் பதில் சொன்னவன் அன்றைய கடமை முடிந்ததென்று தூங்கிவிடுவான். கேட்டதும் 3 நொடி பொறுக்க வேண்டும். பலகையில் எழுத்து 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஆசிரியர் பாதிப் பாடத்தைப் பின்சுவரோரம் நின்று நடத்தினாலே கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரு டேப் எடுத்துப் போங்கள். அறையை அளந்த பிறகு ‘அண்ணன், கண், மணல், மனம்’ என்று பலகையில் எழுதச் சொல்லிவிட்டு, உங்கள் மகள் இடத்தில் உட்கார்ந்து சுழிகளை எண்ணிப் பாருங்கள்.