செம்பில் பெயர் வெட்டும் லேசர்: வாசகர் கேள்விகள்

செம்பு, பித்தளைப் பாத்திரங்களிலும் தகடுகளிலும் லேசரால் பெயர் வெட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்ட 20 வாட் ஃபைபர் லேசர் வாங்கினேன். எவர்சில்வரில் எழுத்து பளிச்சென்று விழுகிறது. அதே செட்டிங்கில் செம்புச் சொம்பில் வெளிறிய கோடுதான் தெரிகிறது. மெஷினில் பழுதா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: பழுது இல்லை. செம்பின் குணம் அது. ஃபைபர் லேசரின் அலைநீளம் 1064 நானோமீட்டர். அந்த ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எவர்சில்வர் உள்வாங்கும். பளபளப்பான செம்போ நூற்றுக்கு ஐந்து பங்கு வாங்கினாலே அதிகம். மற்றதைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே போன சூடும் ஓரிடத்தில் நிற்காது. எவர்சில்வரைவிட செம்பு சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதனால் மெல்லச் சூடேற்றிச் செம்பில் எழுத முடியாது. லேசர் விட்டுவிட்டு அனுப்பும் ஒவ்வொரு ஒளித் துடிப்பும் விழுந்த இடத்தில் அப்போதே உலோகத்தை உருக்கி வெளியேற்ற வேண்டும்.

அதற்குப் பார்க்க வேண்டியது ஃப்ரீக்வென்சி, அதாவது விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பது. சராசரி பவரை ஃப்ரீக்வென்சியால் வகுத்தால் ஒரு துடிப்பின் ஆற்றல் கிடைக்கும். 20 வாட்டை 20 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒரு துடிப்புக்கு 1 மில்லிஜூல். 60-இல் ஓட்டினால் அதில் மூன்றில் ஒன்றுதான். எவர்சில்வருக்கு அது போதும், செம்பு அசையாது.

இப்படித் தொடங்குங்கள்: பவர் 90 சதவீதம், ஃப்ரீக்வென்சி 20 கிலோஹெர்ட்ஸ், வேகம் விநாடிக்கு 400 மி.மீ., ஹேட்ச் (எழுத்தின் உள்ளே நிரப்பும் கோடுகள்) இடைவெளி 0.04 மி.மீ., நான்கு பாஸ் (அதே இடத்தில் நான்கு முறை ஓட்டம்). இந்தக் கணக்கில் 0.02 மி.மீ.க்கு ஒரு துடிப்பு விழும். புள்ளியின் அகலம் சுமார் 0.05 மி.மீ. என்பதால் ஒன்றின்மேல் ஒன்று நன்றாகப் படியும். வேகத்தை 1000-க்கு மேல் கூட்டினால் புள்ளிகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். ஒவ்வொரு பாஸுக்கும் ஹேட்ச் கோணத்தை 0, 45, 90, 135 என்று மாற்றுங்கள். ஒரே திசையில் ஓட்டினால் அடித்தளம் வரிவரியாகப் பள்ளம் விழும். முடிவில் 30 சதவீதப் பவர், 60 கிலோஹெர்ட்ஸ், 1500 வேகத்தில் ஒரு பாஸ் கொடுத்தால் ஓரத்தில் ஒட்டிய பிசிறும் கரியும் நீங்கும்.

ஃபோகஸை செம்பின்மேல் தேடாதீர்கள். அதன் பளபளப்பு கண்ணை ஏமாற்றும். எவர்சில்வர் துண்டு ஒன்றில் தேடி, லென்ஸிலிருந்து அதன் மேற்பரப்புவரை உள்ள தூரத்தை அளந்து, அதையே செம்புக்கும் வையுங்கள். இன்னொன்று: கடைச் சரக்கில் பெரும்பாலும் லாக்கர் எனும் வார்னிஷ் போன்ற பூச்சு இருக்கும். வெட்டும் இடத்தை அசிட்டோன் தொட்ட துணியால் முதலில் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கருகுவது லாக்கர்தான், செம்பு அல்ல.

கேள்வி: செம்பில் எழுத்தைக் கருப்பாகக் கொண்டுவர முடியுமா?
– மதுரை வாசகி

பதில்: துடிப்பின் அகலத்தை மாற்றக்கூடிய மோபா வகை லேசரில், அதிக ஃப்ரீக்வென்சியில், அடர்ந்த ஹேட்ச் வைத்து ஓட்டினால் அடர்பழுப்பு நிறம் வரும். ஆனால் புழங்கும் பாத்திரத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். அந்த நிறம் ஆக்சைடு படலம். நம் வீடுகளில் செம்பைப் புளி போட்டுத்தான் தேய்ப்பார்கள். புளியின் அமிலம் ஆக்சைடைக் கரைத்துவிடும். சில தேய்ப்பிலேயே நிறம் போய்விடும். நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்கு, அதாவது 0.05 முதல் 0.1 மி.மீ. வரை, ஆழமாக வெட்டினால்தான் பெயர் நிற்கும். தேய்க்காத பெயர்ப்பலகை என்றால், வெட்டிய பள்ளத்தில் கருப்பு எனாமல் நிரப்பி, காய்வதற்குமுன் மேற்பரப்பை மட்டும் வழித்தெடுங்கள்.

ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் எதையும் வெட்டக் கூடாது. பூச்சு போய்விட்டால் புளிப்பான உணவு நேராகப் பித்தளையைத் தொடும்.

கேள்வி: ரோட்டரி (பாத்திரத்தைச் சுழற்றும் கருவி) இல்லாமல் சொம்பின் வளைவில் எவ்வளவு அகலத்துக்கு எழுதலாம்?
– ஈரோடு வாசகர்

பதில்: எழுத்தின் அகலத்தைத் தன்னாலேயே பெருக்கி, பாத்திர விட்டத்தின் நான்கு மடங்கால் வகுங்கள். ஓரம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது கிடைக்கும். 100 மி.மீ. விட்டத்தில் 20 மி.மீ. அகல எழுத்துக்கு 1 மி.மீ. இறக்கம், 30 என்றால் 2.25. இறக்கம் 1 மி.மீ.க்குள் இருந்தால், ஃபோகஸை அதில் பாதியில் வைத்து எழுதிவிடலாம். அதற்கு மேல் ரோட்டரி வேண்டும்.

கேள்வி: மென்பொருளில் தமிழில் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறுகின்றன.
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: மார்க்கிங் மென்பொருளில் தட்டாதீர்கள். இங்க்ஸ்கேப் அல்லது கோரல்டிராவில் தட்டி, எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியும் கோடுகளை யூனியன் கொடுத்து இணைத்தபின் டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கொண்டுவாருங்கள். யூனியன் கொடுக்காவிட்டால் கோடுகள் குறுக்கிடும் இடங்களில் ஹேட்ச் நிரம்பாமல் ஓட்டை விழும்.

கேள்வி: என்னிடம் 10 வாட் நீல டயோட் லேசர் இருக்கிறது. செம்புத் தகட்டில் பூஜை எந்திரம் வரைய முயன்றேன், ஒன்றும் விழவில்லை. நீல ஒளியைச் செம்பு நன்றாக வாங்கும் என்கிறார்களே?
– சிதம்பரம் வாசகர்

பதில்: வாங்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் டயோட் தொடர்ந்து எரியும் ஒளி. ஃபைபர் லேசரின் ஒரு துடிப்பு சுமார் 100 நானோவிநாடிக்குள் 10 கிலோவாட் உச்சத்தைத் தொடும். உங்களுடையது 10 வாட்டிலேயே நிற்கும். அந்தச் சூட்டைச் செம்பு தகடு முழுவதும் பரப்பிவிடும்.

ஆனாலும் அதே மெஷினால் அருமையான எந்திரத் தகடு செய்யலாம். தகட்டை அசிட்டோனால் துடைத்து, கருப்பு மேட் ஸ்ப்ரே பெயின்டை மெல்லியதாக இரண்டு கோட் அடித்து, ஒரு நாள் காயவிடுங்கள். பின்பக்கத்தையும் விளிம்புகளையும் டேப்பால் மூடுங்கள். கோடுகளில் உள்ள பெயின்டை மட்டும் லேசரால் எரித்து நீக்குங்கள். எரிந்த மிச்சத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாக எடுங்கள்; மிச்சம் இருந்தால் அங்கே அரிக்காது. பெயின்டுக்குப் பதில் வினைல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வினைல் என்பது பிவிசி; அது எரிந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் மெஷினையும் கெடுக்கும்.

பிறகு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசல், பிளாஸ்டிக் தட்டில், 40 டிகிரி சூட்டில். வெட்டும் முகம் கீழ்நோக்கி இருக்கும்படி தகட்டைத் தொங்கவிட்டால் கரைந்த கசடு பள்ளத்தில் தங்காது. எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு வழி: சாதாரண பிசிபி போர்டின் செம்புப் படலம் 35 மைக்ரான். அதில் ஒரு துண்டை அதே கரைசலில் போட்டு, செம்பு முழுதும் மறைய ஆகும் நேரத்தைக் குறியுங்கள். அதன் இருமடங்கு நேரம் விட்டால் சுமார் 70 மைக்ரான் ஆழம் கிடைக்கும். அதிக நேரம் விட்டால் கரைசல் பெயின்டுக்கு அடியில் பக்கவாட்டிலும் அரித்து, மெல்லிய கோடுகளைத் தடிக்கவைக்கும்.

கையுறை, கண்ணாடி கட்டாயம். தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அதில் கரைந்த செம்பு இருக்கிறது, மீனுக்கு விஷம். சலவைச் சோடாவை நுரை அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அடியில் படியும் சேற்றைத் தனியே பிரித்து, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

கேள்வி: பித்தளை வெட்டும் நாட்களில் இரவில் குளிரும் காய்ச்சலும் வருகிறது. தொடர்பு உண்டா?
– மதுரவாயல் வாசகர்

பதில்: இருக்கலாம், உடனே வேலையை நிறுத்தி மருத்துவரிடம் பித்தளைப் புகை என்று சொல்லிக் காட்டுங்கள். பித்தளையிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகி, வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். உறிஞ்சும் குழாயின் வாய் எழுத்து விழும் இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். புகை கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். மேலே ஓடும் மின்விசிறி போதாது. ஸ்பிரிங்குகளில் வரும் பெரிலியம் செம்பை எந்தக் கூலிக்கும் வெட்டாதீர்கள். அதன் தூசி தீராத நுரையீரல் நோய் தரும்.

கண்ணையும் சொல்லிவிடுகிறோம். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, செம்போ முகம் பார்க்கும் கண்ணாடிபோல் அதைத் திருப்பிவிடும். டயோட் மெஷினோடு வரும் ஆரஞ்சுக் கண்ணாடி இதைத் தடுக்காது. 1064-க்கு OD (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) 6 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டதை அணியுங்கள், மெஷினைச் சுற்றி மூடியும் போடுங்கள். தட்டையான பளபளப்புத் தகட்டை லென்ஸின் நேர் மையத்தில் வைக்காமல் சற்றுத் தள்ளியோ, மூன்று நான்கு டிகிரி சாய்த்தோ வையுங்கள். நேராகத் திரும்பும் ஒளி லேசர் சோர்ஸுக்குள்ளேயே புகுந்து அதைக் கெடுத்துவிடும்.