பறந்த மணிக்குக் கணக்கு: லாக்புக் கேள்வி-பதில்

விமானப் பயிற்சி தொடர்பாக வந்த கடிதங்களில் லாக்புக் (விமானி தன் பறப்பு நேரத்தைப் பதிவு செய்யும் புத்தகம்) பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் மகள் சிபிஎல் (கமர்ஷியல் பைலட் உரிமம்) பயிற்சியில் இருக்கிறாள். விமானத்துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ-வின் இ-ஜிசிஏ இணையதளத்திலேயே லாக்புக் இருக்கிறதே, பிறகு எதற்குக் கையால் எழுதும் புத்தகத்தையும் வாங்கச் சொல்கிறார்கள்? ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டுமா?
*வாசகர், நாமக்கல்*

வாங்கிக் கொடுத்துவிடுங்கள். விமான விதிகள் 1937-இல் 67ஏ என்ற விதி, விமானி தன் லாக்புக்கை மையால் எழுத வேண்டும் என்கிறது. கடைசிப் பதிவு நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு அதைப் பத்திரமாக வைத்திருக்கவும் சொல்கிறது. ஆனால் சட்டத்தைவிட நடைமுறைக் காரணம்தான் பெரிது.

இணையத்தில் உங்கள் மகள் ஏற்றுவது அவர் சொல்லும் கணக்கு. பள்ளியில் அதிகாரம் பெற்றவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு. அவர் எதை வைத்துப் பார்ப்பார்? பறக்க அனுமதித்துக் கையெழுத்திடும் ஆதரைசேஷன் புக், விமானத்தோடு போகும் டெக் லாக் (விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடு), இந்த இரண்டையும் வைத்துத்தான். மூன்றிலும் ஒரே தேதி, ஒரே விமானம், ஒரே நேரம் இருக்க வேண்டும். விமானத்திலிருந்து இறங்கியதும் டெக் லாக் கையில் இருக்கும்போதே புத்தகத்தில் எழுதி, அன்று இரவே தளத்தில் ஏற்றிவிட்டால் மூன்றும் ஒத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரக் கணக்கை மொத்தமாக ஏற்றுபவர்கள்தான் விமானத்தின் பதிவெழுத்தில் ஒன்றை மாற்றிப் போடுவார்கள், டூயலை (பயிற்சியாளரோடு பறந்ததை) சோலோ (தனியாகப் பறந்தது) கட்டத்தில் போடுவார்கள்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பதிவுகளை வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்து, தேங்கியிருந்தால் பள்ளியில் கேட்டுவிட வேண்டும். பயிற்சியாளர்கள் வேறு பள்ளிக்கோ ஏர்லைனுக்கோ போய்க்கொண்டே இருப்பார்கள். அவர் போன பிறகு ஆறு மாதத்துக்கு முந்தைய டூயல் சார்ட்டிக்கு, அதாவது ஒரு தடவைப் பறப்புக்கு, சான்று வாங்க அலைவது பெரும்பாடு.

ஒரே சார்ட்டிக்கு ஹாப்ஸ் மீட்டர் 1.4 காட்டுகிறது, டாக்கோமீட்டர் 1.1 காட்டுகிறது, என் கைக்கடிகாரப்படி 1 மணி 12 நிமிடம். எதை எழுதுவது?
*மாணவர், புதுச்சேரி*

கடிகாரத்தை எழுதுங்கள், அது சரியான இரண்டு நொடிகளில் பார்த்ததாக இருந்தால். புறப்படுவதற்காக விமானம் முதன்முதலில் நகர்ந்த நொடியிலிருந்து, பறந்து முடித்துக் கடைசியாக நின்ற நொடிவரை உள்ளதுதான் பறப்பு நேரம். சாக்ஸ் ஆஃப், சாக்ஸ் ஆன் என்று பள்ளிகளில் சொல்வது இதைத்தான்.

உங்கள் சார்ட்டியை இப்படி வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஸ்டார்ட் 06:54. எண்ணெய் சூடேறி, செக்லிஸ்ட் முடித்து நகர்ந்தது 07:02. திரும்பி வந்து நின்றது 08:14. இன்ஜினை அணைத்தது 08:17. செஸ்னா 172 போன்ற விமானங்களில் ஹாப்ஸ் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தம் ஏறியதும் ஓடத் தொடங்கும். ஆகவே அது 1 மணி 23 நிமிடத்தைக் கணக்கிட்டு 1.4 காட்டுகிறது. டாக்கோமீட்டரின் மணிக்கணக்கு இன்ஜின் சுழற்சியைச் சார்ந்தது. டாக்ஸியில் மெதுவாகச் சுழலும்போது அதுவும் மெதுவாகவே நகரும். அது பராமரிப்புக் கணக்குக்கு. ஹாப்ஸ் பல இடங்களில் பில் போடுவதற்கு. லாக்புக்குக்கு 07:02 முதல் 08:14 வரை, அதாவது 1:12.

பதினொரு நிமிடம்தானே என்று ஹாப்ஸையே எழுதிக்கொண்டு போனால், 150 சார்ட்டியில் 27 மணி 30 நிமிடம் கூடுதலாக ஏறிவிடும். யாரும் பொய் எழுதவில்லை, ஆனாலும் சிபிஎல்லுக்குத் தேவையான 200 மணி வந்துவிட்டது என்று நினைத்திருப்பவரிடம் உண்மையில் 173 கூட இருக்காது. பேனாவிலேயே மணி சேர்ப்பவர்களை ‘பார்க்கர் பென் ஹவர்ஸ்’ என்று விமானிகள் கிண்டல் செய்வார்கள். விண்ணப்பத்தில் அந்தக் கிண்டல் குற்றச்சாட்டாக மாறும். பொய்த் தகவல் கொடுத்தால் உரிமத்தை நிறுத்தவோ ரத்து செய்யவோ விமான விதிகளின் விதி 19 இடம் தருகிறது.

எக்ஸெல்லில் கணக்கு வைத்திருக்கிறேன். கூட்டுத்தொகை 200 மணி வர வேண்டிய இடத்தில் 8:00 என்று காட்டுகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
*வாசகி, கோயம்புத்தூர்*

கெடவில்லை. எக்ஸெல் அதைக் கடிகார நேரமாக நினைத்துக்கொள்கிறது. 24 மணி ஆனதும் ஒரு நாள் என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் காட்டும். 200-இல் எட்டு நாள் போக மிச்சம் 8. அந்தக் கட்டத்தின் வடிவமைப்புக்குள் போய், மணியைக் குறிக்கும் எழுத்தை மட்டும் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் 200:00 என்று வந்துவிடும்.

இதைவிட மோசமானது புள்ளி. 1 மணி 12 நிமிடத்தை 1.12 என்று அடிப்பவர்கள் நிறையப் பேர். தசமத்தில் 1.12 என்றால் 1 மணி 7 நிமிடம்தான். சரியான எண் 1.2. ஏனென்றால் 6 நிமிடம்தான் 0.1. 1 மணி 50 நிமிடத்தை 1.50 என்று அடித்தால் ஒரே வரியில் 20 நிமிடம் காணாமல் போகும். தசமத்துக்கு மாற்றும்போதும் 1:20 என்பது 1.3 ஆகி 2 நிமிடம் உதிரும். அதனால் எல்லாவற்றையும் நிமிடத்தில் வைத்துக் கூட்டி, கடைசியில் மட்டும் 60-ஆல் வகுங்கள். 200 மணி என்றால் 12,000 நிமிடம். 199 மணி 40 நிமிடத்தோடு விண்ணப்பம் போட்டால் திரும்பித்தான் வரும். செலவு உறுத்தினாலும், ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று மணி கூடுதலாகப் பறந்துவிட்டு விண்ணப்பிப்பதே எங்கள் யோசனை. சரிபார்க்கும்போது ஒரு சார்ட்டி தள்ளுபடியானாலும் சமாளிக்கலாம்.

அமெரிக்காவில் 252 மணி பறந்து கமர்ஷியல் உரிமம் வாங்கி வந்திருக்கிறேன். அங்கே என் லாக்புக்கில் பிஐசி (பைலட் இன் கமாண்ட், அதாவது விமானத்துக்குப் பொறுப்பேற்றுப் பறந்த நேரம்) 190 மணி. இங்கே உரிமம் மாற்றப் போனால், 100 மணி பிஐசி தேறாது என்கிறார்கள். எப்படி?
*வாசகர், மதுரை*

அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். உங்கள் லாக்புக்கும் பொய்யில்லை. இரண்டு நாட்டிலும் பிஐசி என்ற கட்டத்துக்கு அளவுகோல் வேறு.

அமெரிக்க விதி 61.51-இன்படி, பிரைவேட் உரிமம் கிடைத்த பிறகு விமானத்தை நீங்கள் மட்டுமே இயக்கினால், பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தாலும் அந்த நேரத்தை பிஐசி என்று எழுதலாம். அதே நேரம் டூயல் கட்டத்திலும் ஏறும். இங்கே பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த நேரம் டூயல் மட்டுமே. ஆகவே முதல் வேலை, உங்கள் கோப்பில் டூயலும் பிஐசியும் ஒரே வரியில் நிரம்பியிருக்கும் பதிவுகளை வடிகட்டி எடுத்து, அவற்றின் பிஐசியைக் கழிப்பது. நண்பர் வெளியே தெரியாதபடி மறைக்கும் ஹூட் போட்டுப் பறக்க, நீங்கள் அவருக்காக வெளியே கவனிக்கும் சேஃப்டி பைலட்டாக உட்கார்ந்து எழுதிய மணிகளையும் தனியே பிரித்துவிடுங்கள். 100-ஐ எட்ட அவற்றை நம்ப வேண்டாம். மிச்சம் இருப்பதுதான் இங்கே உங்கள் பிஐசி. பிரைவேட் உரிமத்துக்கு முன் தனியாகப் பறந்த சோலோ நேரத்தை விட்டுவிடாதீர்கள், அது சேரும்.

அடுத்தது தேதிகள். இந்தியாவில் சிபிஎல்லுக்கு விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 200 மணியும் கடந்த 5 ஆண்டுக்குள். 100 மணி பிஐசியில் குறைந்தது 15 மணி கடந்த 6 மாதத்துக்குள். இரவுப் பறப்பு 5 மணி. அதில் தன்னந்தனியாகச் செய்த 10 டேக்-ஆஃப், 10 லேண்டிங், இதுவும் 6 மாதத்துக்குள். அமெரிக்காவில் இரவு 10 லேண்டிங்கைப் பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் முடிக்க அனுமதி உண்டு. நீங்கள் அப்படி முடித்திருந்தால் இங்கே மறுபடி பறக்க வேண்டியிருக்கும். ஊர் திரும்பி, டிஜிசிஏ தேர்வுகளுக்குப் படித்து எழுதி முடிப்பதற்குள் இந்த ஆறு மாதம் கரைந்துவிடுவதுதான் பலருக்கும் நடப்பது. தேர்வை முதலில் முடித்துவிட்டுக் கடைசி இரவு மணிகளைப் பறப்பவர்களுக்குச் செலவு குறைவு.

கிராஸ் கன்ட்ரி (ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறப்பது) 20 மணி பிஐசியும், அதில் 300 கடல்மைலுக்குக் குறையாத ஒரு பயணமும் தேவை. வழியில் இரண்டு வெவ்வேறு விமானத்தளங்களில் ஃபுல் ஸ்டாப் லேண்டிங் (இறங்கி முழுதாக நிற்பது) செய்திருக்க வேண்டும். அங்கே நீங்கள் போன 300 கடல்மைல் நீள்பயணம் இதற்குப் பொருந்தும், நடுவில் டச் அண்ட் கோ (தரையைத் தொட்டதும் மீண்டும் எழும்புவது) மட்டும் செய்துவிட்டுப் பறந்திருக்காவிட்டால். குறிப்புக் கட்டத்தில் ‘ஃபுல் ஸ்டாப்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

கடைசியாக, லாக்புக் செயலியிலிருந்து கோப்பை இறக்கும்போது தேதி வடிவத்தைக் கவனியுங்கள். அங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். 03/04 என்றால் அவர்களுக்கு மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. பன்னிரண்டாம் தேதிவரை உள்ள பதிவுகள் சத்தமில்லாமல் மாறிக்கொள்ளும்; பதின்மூன்றிலிருந்துதான் எக்ஸெல் முரண்டு பிடிக்கும். பாதி வரி இடப்பக்கமும் பாதி வரி வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இந்தக் குளறுபடி நடந்திருக்கிறது என்று அர்த்தம். மாதத்தை எழுத்தில் காட்டும்படி மாற்றிவிட்டு இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

சிமுலேட்டரில் 20 மணி செய்திருக்கிறேன். 200-இல் சேருமா?
*மாணவி, திருச்சி*

சேராது. 200 என்பது விமானத்தில் பறந்த நேரம். சிபிஎல்லுக்குத் தேவையான 10 மணி இன்ஸ்ட்ருமென்ட் நேரத்தில் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் நேரம்) மட்டும், அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் செய்ததில் அதிகபட்சம் 5 மணியைக் காட்டலாம். 20 மணியையும் தனிக் கட்டத்தில் எழுதி வையுங்கள். பறப்பு நேரக் கூட்டலுக்குள் மட்டும் வர விடாதீர்கள்.

ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (துணை விமானி). என் மாதக் கணக்கும் கம்பெனி கொடுக்கும் மாதக் கணக்கும் சில மாதங்களில் மூன்று நான்கு மணி வித்தியாசப்படுகின்றன. அடுத்த மாதம் தானாகவே சரியாகிவிடுகிறது. ஏன்?
*வாசகர், சென்னை*

மாதக் கடைசி இரவில் ஒரு கோலாலம்பூரோ சிங்கப்பூரோ போயிருப்பீர்கள். ஏப்ரல் 1 அதிகாலை 00:40-க்கு மீனம்பாக்கத்தில் புஷ்பேக் (விமானத்தைப் பின்னால் தள்ளி நகர்த்துவது) என்றால், யூடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) அது மார்ச் 31, 19:10. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் தேதி, மாதம் இரண்டுமே மாறிவிடுகிறது. ஒரு கணக்கு யூடிசி-யிலும் இன்னொன்று இந்திய நேரத்திலும் ஓடினால், அந்த ஒரு செக்டர் இந்த மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இடையில் ஊசலாடும்.

டெக் லாக்கில் யூடிசி இருந்தால், லாக்புக்கிலும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை யூடிசிதான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பயிற்சிக் காலப் பதிவுகள் இந்திய நேரத்தில் இருந்தால், எந்தத் தேதியிலிருந்து மாறினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இரவு நேரத்தைப் பிரிக்கும்போது மட்டும் யூடிசி கடிகாரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தந்த ஊர்ச் சூரிய அஸ்தமனம்தான் கணக்கு. கிழக்கே போகும்போது இருட்டு உங்களை எதிர்கொண்டு வரும்.

365 நாளில் 1,000 மணி என்ற உச்சவரம்பைக் காலண்டர் வருடமாக எண்ணாமல், ஒவ்வொரு நாளும் பின்னோக்கி 365 நாள் எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பெனி மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும் என்றாலும் உங்கள் கோப்பிலும் அந்தக் கூட்டல் இருக்கட்டும்.

தளத்தில் ஏற்றிய பதிவு நிராகரிக்கப்பட்டு வந்திருக்கிறது. காரணம் ‘நேரம் பொருந்தவில்லை’. என்ன செய்ய?
*மாணவர், தூத்துக்குடி*

பதற வேண்டாம். பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். உங்கள் நேரமும் அதே விமானத்தில் அடுத்துப் பறந்தவரின் நேரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நீங்கள் 08:14-க்கு நின்றதாகவும் அவர் 08:10-க்கே நகர்ந்ததாகவும் எழுதியிருப்பார். அல்லது உங்கள் பயிற்சியாளர் அதே நேரத்தில் இன்னொரு மாணவருடன் பறந்ததாகப் பதிவு இருக்கும். அதுவும் இல்லையென்றால் விமானத்தின் பதிவெழுத்து தவறு. டெக் லாக்கின் அந்தப் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். அதிலுள்ளபடி திருத்தி அனுப்புங்கள். டெக் லாக்கே தவறென்றால் அதை எழுதியவர்தான் திருத்த வேண்டும்.

புத்தகத்தில் தவறிய எண்ணை ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துச் சுருக்கம் போடுங்கள். ஒயிட்னர் கூடவே கூடாது. அடியில் என்ன இருந்தது என்று தெரியாத பக்கத்தைச் சரிபார்ப்பவர் நம்ப மாட்டார்.

ஹெலிகாப்டரில் சக்கரமே நகராதே, எப்போதிலிருந்து எண்ணுவது?
*வாசகர், ஓசூர்*

ரோட்டர் சுழலத் தொடங்கியதிலிருந்து, பறந்து முடித்து ரோட்டர் நிற்கும்வரை.

சொந்தக் கணக்குக்கு எந்தச் செயலி நல்லது?
*மாணவி, சேலம்*

மைஃப்ளைட்புக் இலவசம், கணினியிலும் போனிலும் ஓடும். மாணவர்களுக்கு அது போதும். லாக்டென் ஆப்பிள் கருவிகளுக்கு மட்டும், கட்டணம் உண்டு. ஃபோர்ஃப்ளைட் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அதற்குள்ளேயே லாக்புக் இருக்கிறது. எதை எடுத்தாலும் சேரும் முன்பே, எல்லாப் பதிவையும் எக்ஸெல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று ஐந்து பொய்ப் பதிவுகளைப் போட்டுச் சோதித்துவிட்டு அழித்துவிடுங்கள்.

விமானத்தளங்களுக்கு நான்கெழுத்துக் குறியீட்டையே பயன்படுத்துங்கள். சென்னைக்கு விஓஎம்எம், மதுரைக்கு விஓஎம்டி, சேலத்துக்கு விஓஎஸ்எம். டிக்கெட்டில் வரும் மூன்றெழுத்தைக் கலந்து போட்டால், ஒரே ஊர் இரண்டு ஊராகப் பிரிந்து கிராஸ் கன்ட்ரி கணக்கு குழம்பும். செயலி உங்கள் வசதிக்கு மட்டும்; உரிமத்துக்குக் கணக்கில் வருவது இ-ஜிசிஏ-வில் ஒப்புதலான பதிவும் கையெழுத்துள்ள புத்தகமும்தான். மாதம் முடிந்ததும் செயலியின் கூட்டுத்தொகையையும் தளத்தின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்த மாதத்து இருபது முப்பது வரிகளுக்குள் தேடினால் போதும். வருடக் கடைசியில் தேடினால் நூற்றுக்கணக்கில் புரட்ட வேண்டும்.