மவ ஃபிலாசஃபி படிக்கணும்னு நிக்கான்னு வந்த அண்ணனுக்கு

அண்ணே, நேத்து வெட்டு முடிச்சு சட்டையில ரப்பர் பால் கறையோட அப்படியே பஸ் புடிச்சு களியக்காவிளைக்கு வந்து, நாலா மடிச்ச நர்சிங் காலேஜ் நோட்டீச மேசையில வச்சு "எப்படியாவது அவ மனச மாத்துங்க சாரே, அவ நல்லா இருக்கணும்"னு சொன்னீங்க, ராத்திரி பூரா அதே நினைப்புதான் எனக்கு.

அந்த "நல்லா இருக்கணும்"ங்கறதுதான் அண்ணே அவ கேக்குற ஃபிலாசஃபி, அதாவது தத்துவப் பாடமே. நல்லா வாழுறதுன்னா காசா, பேரா, சுகமா, இல்ல நல்ல குணத்த தினம் பழகிப் பழகி ஆயுசு முழுக்க அப்படியே நடக்கறதான்னு கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் 2300 வருஷத்துக்கு முன்னாடியே கேட்டு, அந்த நல்ல குணத்தத்தான் புடிச்சிக்கிட்டாரு. 1974-ல நோசிக்னு ஒரு அமெரிக்க தத்துவக்காரர் கற்பனையா ஒரு மெஷின சொன்னாரு, அதுல இணைஞ்சிட்டா நினைச்ச சந்தோஷம் எல்லாம் நடந்த மாதிரியே இருக்கும், ஆனா ஒண்ணும் நடக்காது, நீங்க இணைவீங்களான்னு கேட்டாரு. போன வாரம் உங்க மவ இத எனக்கு சொல்லிட்டு, "எங்கப்பா மாட்டாரு சார், மூணு மணிக்கு ஹெட்லைட் கட்டிட்டு போயி மரத்துக்கு காயம் படாம வெட்டினா அன்னைக்கு பூரா அவரு முகமே வேற"ன்னா. பதினேழு வயசுல இப்படி பாக்குற புள்ளைய எனக்கு நர்சிங்குக்கு தள்ள மனசு வரல.

அவகிட்டயும் சொன்னேன், குறையே இல்லாத உலகத்த தேடி இந்த படிப்புக்கு வராதன்னு. 1516-ல இங்கிலாந்துக்காரர் தாமஸ் மோர் குறையில்லாத ஒரு நாட்ட கற்பனையா எழுதி யுட்டோப்பியான்னு பேரு வச்சப்பவே அதுக்கு 'இல்லாத இடம்'னுதான் அர்த்தம். ஆனா நம்ம பக்கத்துல அருவிப்புரத்துல, 1888-ல நாராயண குரு சிவன பிரதிஷ்டை பண்ணின எடத்துல, சாதி வித்தியாசம் மதப்பகை இல்லாம எல்லாரும் சகோதரங்களா வாழுற முன்மாதிரி இடம்னு எழுதி வச்சிருக்கு, அது பஸ்ல போற தூரம்தான், ரெண்டு பேரும் ஒருநாள் போய்ட்டு வாங்க.

வேலைய பத்தி மறைக்காம சொல்றேன், டிகிரி முடிச்ச கையோட சம்பளம் வராது. எம்ஏ, அப்புறம் நெட்னு வாத்தியார் வேலைக்கான தகுதிப் பரீட்சைன்னு போயி காலேஜ் வாத்தியாராகலாம், வருஷம் புடிக்கும். கலெக்டர் வேலைக்கு எழுதுற சிவில் சர்வீஸ் பரீட்சையில நாமளே தேர்ந்தெடுக்குற ஆப்ஷனல் பாடமா ஃபிலாசஃபி எடுத்தா அதுக்கு 500 மார்க், எதிக்ஸ்ங்கற அறநெறி பேப்பருக்கு தனியா 250. திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி காலேஜ்ல இந்த பாடம் இருக்கு, 2024-ல இருந்து அங்க நாலு வருஷ டிகிரி, மூணு வருஷத்துல வெளியவும் வரலாம், கூடவே மைனரா, அதாவது துணைப் பாடமா, வேற பாடம் எடுத்துக்கலாம், அத வேலைக்கு ஒதவுறதா பாத்து எடுக்க வைப்போம்.

நர்சிங்குக்கு இப்ப அட்வான்ஸ் கட்டிறாதீங்க. மழை பெஞ்சு வெட்டு இல்லாத நாளா பாத்து அவளையும் அவ அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, ஃபீஸ் கணக்கு போட்டு பாப்போம்.