கோல்ஃப் மைதானத்தை எந்த மென்பொருளில் அளப்பது?

அன்புள்ள ஐயா,

உதகையில் கோல்ஃப் ஆடுகிறேன். சக ஆட்டக்காரர்களுக்காக ஒவ்வொரு ஹோலுக்கும் (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து குழி வரையிலான ஆடுபகுதி) தூரம் குறித்த ஒரு கையேடு தயாரிக்க விரும்புகிறேன். ஆட்டோகேட் வாங்கலாமா, கூகுள் எர்த் போதுமா, அல்லது கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

கே., உதகமண்டலம்

அன்புள்ள கே.,

கியூஜிஐஎஸ் கற்றுக்கொள்ளுங்கள். இலவசம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பூமியின் வளைவைக் கணக்கில்கொண்டு அளக்கும், எந்த முறையில் அளந்தது என்பதையும் காட்டும். ஆட்டோகேட் வரைவதற்கு அருமையான கருவிதான். ஆனால் அதில் ஒரு செயற்கைக்கோள் படத்தை ஏற்றிக் கண்ணளவில் அளவுகோல் பொருத்தினால், வரும் எண்ணை எப்படி நம்புவது?

இணைய வரைபடங்கள் பெரும்பாலும் வெப் மெர்கேட்டர் முறையில் தட்டையாக்கப்பட்டவை. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அதில் நீளம் பெருகும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 400 யார்டு ஹோலை அந்தத் தட்டைப் படத்தில் அப்படியே அளந்தால் ஏறத்தாழ 720 யார்டு வரும். பிழை பார்த்தவுடன் தெரிந்துவிடும். உதகையில் அதே 400 யார்டு 408 ஆகும். எனக்குக் கவலை தருவது இந்த எட்டு யார்டுதான். யாருக்கும் சந்தேகம் வராது, கையேட்டில் அச்சாகிவிடும், நம்பி ஆடுபவர் தவறான கிளப்பை (மட்டையை) எடுப்பார்.

எனவே கியூஜிஐஎஸ்ஸில் ஆய அமைப்பை (இடங்களை எண்களால் குறிக்கும் முறையை) யூடிஎம் 43 வடக்கு என்று வையுங்கள்; உதகை அடங்கும் மண்டலம் அது. அளவுக் கருவியில் எலிப்சாய்டல் (பூமியின் வளைவோடு), கார்ட்டீசியன் (தட்டைப் பரப்பில்) என இரண்டு வழிகள் இருக்கும். இரண்டிலும் அளந்து பாருங்கள். உதகையில் 400 யார்டுக்கு ஓரடிகூட வேறுபாடு வரக்கூடாது. வந்தால் அமைப்பில் எங்கோ தவறு இருக்கிறது. கூகுள் எர்த் புரோவும் இலவசம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பகுதியில் செயற்கைக்கோள் படம் சில மீட்டர் விலகியிருக்கலாம். ஆகவே சில ஹோல்களையாவது லேசர் தூரமானியால் நேரில் சரிபாருங்கள். அப்போது அதன் சரிவுத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். திருத்தம் சேர்ந்த எண் காட்டுவது, ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஆட வேண்டிய தூரம். ஹோலின் நீளத்தையோ கிடைமட்டமாக அளப்பதுதான் உலக ஹேண்டிகேப் முறை (ஆட்டக்காரர்களின் திறனை மதிப்பிடும் பொது விதிமுறை). திருத்தம் இல்லாமல் வரும் எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம்: 150 மீட்டருக்கு 20 மீட்டர் இறக்கம் இருந்தால்கூட 1.3 மீட்டர்தான் கூடும். 7,000 அடிக்கு மேல் காற்று மெலிந்து பந்து கூடுதலாகப் பறப்பதைத் தனிக் குறிப்பாகக் கொடுங்கள், வரைபட எண்களில் கலக்க வேண்டாம்.

கிரீனின் (குழி இருக்கும் புல்தரையின்) முன் விளிம்பு, நடு, பின் விளிம்பு மூன்றுக்கும் தூரம் கொடுங்கள். நிறம், மரம், எழுத்து எல்லாம் பிறகு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் சேர்க்கலாம், அதுவும் இலவசம்தான்.