அலைனர் போட்டதிலிருந்து ஈறில் ரத்தம்

பல்லை வரிசைப்படுத்த மாட்டும், கழற்றக்கூடிய பிளாஸ்டிக் உறையான அலைனரைப் போட்டதிலிருந்து ஈறில் ரத்தம் வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தம் வருகிறதென்று அந்த இடத்தில் பல் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். மென்மையான பிரஷ்ஷை ஈறோரமாகச் சாய்த்துப் பிடித்து, அங்கேதான் இன்னும் பொறுமையாகத் தேய்க்க வேண்டும்.

அலைனரைக் கழற்றாமலே ஜிகர்தண்டா குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அதில்தான். தினம் 20–22 மணி நேரம் பல்லை மூடியிருக்கும் உறைக்குள் சர்க்கரை தங்கினால் எச்சிலால் கழுவ முடியாது. அழுக்குப் படலம் சேர்ந்து ஈறு வீங்கும். மதுரை வெயிலுக்குத் தாராளமாகக் குடியுங்கள், ஆனால் கழற்றிவிட்டு. அப்புறம் பல் தேய்த்து, இடுக்குகளைப் பல் நூலால் (ஃபிளாஸ்) சுத்தம் செய்து மாட்டுங்கள்.

ரத்தம் ஒரே இடத்தில் மட்டும் வந்தால் அலைனர் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அதுதான் உரசுகிறது; பல் மருத்துவர் சரிசெய்து தருவார்.

இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் அவரிடம் காட்டிவிடுங்கள். சீழோ சர்க்கரை நோயோ இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.