மிளகு சரம் விடும் மாதத்தில் இலை மஞ்சளானால்

தம்பிக்கு,

கம்பத்திலிருந்து மலையேறி, கேரளத்தின் வண்டன்மேட்டுப் பக்கம் வந்து ஒரு ஏக்கர் மிளகுத் தோட்டம் வாங்கியிருக்கிறீர்கள். இது உங்களுக்கு முதல் மழைக்காலம். கொடிகள் பூச்சரம் விட்டுக்கொண்டிருக்கும்போதே இலைகள் மஞ்சளாகின்றன. பக்கத்துத் தோட்டக்காரர் வாட்டநோய் என்கிறார், உரக்கடைக்காரர் சத்துக் குறைவு என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் இருவரில் ஒருவராவது உங்கள் கொடியின் வேரைப் பார்த்தாரா?

நம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வருகிற எல்லோருக்கும் ஒரே பழக்கம். இலை வெளிறினால் மோட்டாரைப் போடு, யூரியாவை வீசு. கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. அங்கே அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். இங்கே ஜூன் பிறந்தால் மண் காய்வதற்கே நேரம் கிடைப்பதில்லை. தண்ணீர் தேங்கிய இடத்தில் வேருக்கு மூச்சு முட்டுகிறது, நுனி வேர்கள் அழுகுகின்றன, அழுகிய வேர் சத்தை உறிஞ்சுவதில்லை. மேலே இலையில் பசியின் நிறம். கீழே மண்ணில் உரம் கிடக்கிறது. அந்த நேரத்தில் போடுகிற யூரியாவில் பாதி ஓடைக்குப் போகும். கையில் குடையும் காலில் ரப்பர் செருப்புமாகத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எந்தெந்தக் கொடியின் அடியில் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். மஞ்சள் கொடிகளும் தண்ணீர் நிற்கும் இடங்களும் ஒன்றாக இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. வடிகால் வெட்டிவிட்டு மற்றதைப் பேசலாம்.

சரம் விடும் காலத்தில் கொஞ்சம் மஞ்சள் இயல்புதான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் மழைக்குப் பிறகு புதுத் துளிரும் சரமும் ஒன்றாக வருகின்றன. மழைநீர் சரத்தின் வழியே வடிவதிலேயே மகரந்தம் பரவிவிடும். அந்தச் சமயத்தில் கொடி பழைய இலைகளிலிருந்து தழைச்சத்தை உருவிப் புதுத் துளிருக்கு அனுப்புகிறது. அடியில், உள்பக்க நிழலில் இருக்கும் கிழட்டு இலைகள் நாலைந்து பழுத்து விழுந்தால் பயப்பட ஒன்றுமில்லை. துளிர் பச்சையாகவும் பளபளப்பாகவும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. படர்மரத்துக் கிளைகளை மழைக்கு முன் கழித்துவிடவில்லை என்றால் இந்தப் பழுப்பு அதிகமாகும். பன்னியூர்-1 என்ற மிளகு வகை அடர்ந்த நிழலைத் தாங்காது. கரிமுண்டா ஓரளவு தாங்கும். உங்களிடம் இருப்பது என்ன வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இலையைப் பார்க்கும்போது மஞ்சள் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். பழைய இலை முழுவதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையின் நுனியும் ஓரமும் கருகினால் சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ். நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். புது இலையே குறுகிச் சிறுத்து நரம்புகளுக்கிடையே வெளிறினால் துத்தநாகத்தைச் சந்தேகியுங்கள். ஆனால் புது இலை சுருண்டு, திட்டுத் திட்டாக நிறம் மாறி, கணுக்களின் இடைவெளியும் குறைந்திருந்தால் அது வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. அந்தக் கொடியைப் பிடுங்கி எரிப்பதே வழி. எவ்வளவு நன்றாகக் காய்த்த கொடியாக இருந்தாலும் அதிலிருந்து பதியன் எடுக்காதீர்கள்.

இலை இவ்வளவுதான் சொல்லும். மீதி மண்ணுக்குள் இருக்கிறது. பாதி மஞ்சளான கொடி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செத்த கொடியில் எல்லாமே அழுகியிருப்பதால் ஒன்றும் தெரியாது. அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண்வெட்டி போடாமல், கையாலேயே மண்ணை விலக்கி ஒரு பிடி நுனி வேரை எடுத்து வாளித் தண்ணீரில் அலசுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். விரலால் இழுத்ததும் தோல் கழன்று உள்நார் மட்டும் கையில் வந்தால் அழுகல். சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. வெள்ளை மாவு அப்பியதுபோல் இருந்து, சுற்றிலும் எறும்பு ஊர்ந்தால் வேர் மாவுப்பூச்சி.

இப்போது நீங்கள் உண்மையில் அஞ்ச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இங்கே துருதவாட்டம் என்பார்கள், வேகமாகக் கொல்லும் வாட்டநோய். பைட்டோப்தோரா என்னும் கிருமியால் தென்மேற்குப் பருவமழையில் வருவது. தரையில் ஓடும் கொடிகளின் இலைகளில்தான் பெரும்பாலும் முதலில் தெரியும்: கருப்புப் புள்ளி, அது பரவும்போது ஓரம் நூல் பிரிந்த துணியைப்போல் சிதறலாக இருக்கும். அந்த ஓரத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. அடித்தண்டைப் பிடித்துவிட்டால் இலை மஞ்சளாகக்கூடக் காத்திராமல் வாடி உதிரும்; சில வாரங்களில் கொடி போய்விடும். ஆகவே மஞ்சளைப் பார்த்ததும் அடித்தண்டின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் நேரம் இருக்கிறது. கருத்து ஈரமாக இருந்தால் அந்தக் கொடியை மறந்துவிட்டுச் சுற்றியிருக்கும் கொடிகளைக் காப்பாற்றுங்கள்.

காப்பாற்ற 1 சதவீத போர்டோ கலவை இலையில் தெளிக்க. அடியில் ஊற்ற காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டருக்கு 2 கிராம். போர்டோவுக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். மயில்துத்தத்தைக் கடையில் துரிசு என்று கேளுங்கள். பிளாஸ்டிக் பீப்பாயில் இரண்டையும் 50 லிட்டர் வீதம் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பாகத் தீட்டிய கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு தேவை. கலக்கிய அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. நோய்க்கிருமியை அடக்கும் பூஞ்சாணமான டிரைக்கோடெர்மாவைப் போட்ட கையோடு இந்தச் செம்பு மருந்தை ஊற்றாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய நல்ல பூஞ்சாணத்தை நீங்களே கொன்றுவிடுவீர்கள். மழைக்காலத்தில் களை கொத்துவதையும் நிறுத்துங்கள், வேரில் படும் ஒவ்வொரு காயமும் கிருமிக்கு வாசல். தரையில் ஓடும் கொடிகளை நறுக்குங்கள் அல்லது தூக்கிக் கட்டுங்கள். நோய்க் கொடியடியில் புழங்கிய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த கொடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மெதுவாகக் கொல்லும் வாட்டமும் உண்டு. அது மழை குறையும் அக்டோபர் வாக்கில் மஞ்சளாகத் தொடங்கி, அடுத்த மழைக்குத் தேறியதுபோல் காட்டி, மறுபடி மஞ்சளாகும். நூற்புழுவின் வேலை பெரும்பாலும் இதுதான். போன தை, மாசியில் இந்தத் தோட்டம் எப்படி இருந்தது என்று விசாரியுங்கள். விற்றவரிடம் கேட்டுப் பயனில்லை. அங்கே வேலை செய்த பெண்களிடம் கேளுங்கள்.

உரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்ட கொடிக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஆண்டுக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 50:50:150 கிராம். சாம்பல்சத்து மற்றவற்றைப்போல் மூன்று மடங்கு என்பதைக் கவனியுங்கள். மே-ஜூனில் ஒன்று, ஆகஸ்ட்-செப்டம்பரில் ஒன்று என இரண்டு தவணை. அப்படியானால் ஒரு தவணைக்கு யூரியா ஏறக்குறைய 55 கிராம்தான். நம் ஊரில் வாழைக்கு வீசுகிற கை இங்கே ஆகாது. கொடியடியிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டு மண்ணால் மூடுங்கள். மண் இங்கே புளிப்பு. ஓராண்டு விட்டு ஓராண்டு ஏப்ரல்-மே மாதத்தில் கொடிக்கு அரை கிலோ சுண்ணாம்பு போடுவது வழக்கம், உரத்தோடு சேர்த்து அல்ல.

மொழி தெரியாமல் கிருஷி பவனுக்கு, அதாவது கேரள அரசின் வேளாண் அலுவலகத்துக்கு, எப்படிப் போவது என்று தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒன்று இருக்கிறது. உடும்பன்சோலைத் தாலுகாவில் தமிழ் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. மெதுவாகப் பேசுங்கள், அவர்களும் மெதுவாகப் பேசுவார்கள். விண்ணப்பம் மலையாளத்தில்தான் இருக்கும், பக்கத்தில் நிற்பவர் நிரப்பித் தருவார். நில வரி ரசீதும் ஆதார் நகலும் பையில் இருக்கட்டும். அங்கே தீராவிட்டால் பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

முதல் வருடம் மிளகு ஏமாற்றினால், ஊடுபயிராக வேறொன்று போடலாம் என்று காதோடு காதாகச் சொல்ல ஒருவர் வருவார். கஞ்சாவைத்தான் சொல்கிறார். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அந்தச் செடியை வளர்த்தாலே பத்தாண்டு வரை கடுங்காவல். கம்பம் முகவரியோடு வருகிறவர்களின் பையைச் சோதனைச்சாவடியில் ஏற்கெனவே இரண்டு முறை புரட்டுகிறார்கள். காப்பி குடிக்கக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நாளைக்கு மழை விட்டிருக்கும்போது பாதி மஞ்சளான இரண்டு கொடிகளிலிருந்து இலை, அலசாத வேர், கொஞ்சம் வேரடி மண் எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டு, எந்தக் கொடியிலிருந்து என்று எழுதி, பத்து மணிக்கே கிருஷி பவனுக்குப் போங்கள். மதியத்துக்கு மேல் அதிகாரி தோட்டங்களைப் பார்க்கக் கிளம்பிவிடக்கூடும்.