மட்டக்களப்பில் கலை நிகழ்வுகளை எங்கே, எப்போது பார்க்கலாம்?

இடமாற்றம் பெற்று மட்டக்களப்புக்கு வந்திருப்பதாகவும், இங்குள்ள கண்காட்சிகளையும் பண்பாட்டு நிகழ்வுகளையும் பார்க்க எங்கே போவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நகரத்துக்குள் என்றால் கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலிருந்து தொடங்குங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்நிறுவகத்தில் இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை ஆகியவற்றைப் பயிலும் மாணவர்களின் ஆற்றுகைகளையும் ஓவிய, சிற்பப் படைப்புகளையும் காணலாம். பிரதேச செயலகங்களின் கலாசார விழாக்களுக்கும் செல்லலாம். திகதிகளை அங்குள்ள கலாசார உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் இந்த மண்ணின் கலையை அறிய மண்டபங்கள் போதாது என்பதே என் உறுதியான கருத்து. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். படித்தவர்களும் நகரத்தவரும் கூத்தை மதிக்கத் தொடங்கியதில் அம்முயற்சிக்குப் பெரும் பங்குண்டு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் நாற்புறமும் சனங்கள் சூழ்ந்திருக்கும் வட்டக்களரிக்கென அமைந்த ஆட்டம், ஒரு பக்கத்தை மட்டும் நோக்கி ஆடப்படும்போது அதன் சுழற்சியில் பாதியை இழந்துவிடுகிறது.

ஆகவே கன்னன்குடா, சீலாமுனை போன்ற கூத்தூர்களுக்குச் செல்லுங்கள். அரங்கேற்றத்துக்கு மட்டும் போகாமல், அதற்கு முந்திய படிகளையும் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் உடல்வாகையும் பார்த்துப் பாத்திரம் பகிர்ந்து, அவரவர் பாடவேண்டிய பகுதியைக் கையளித்துச் சட்டங்கொடுப்பார். அதன்பின் மத்தளத்துக்கும் சல்லாரி எனும் கைத்தாளத்துக்கும் கால்கள் பழகும்வரை இரவிரவாகக் களரி எனப்படும் பயிற்சி நடக்கும். ஆட்டம் ஓரளவு தேறியதும் சதங்கை அணியும் விழா வரும். பகலில் வயலிலும் வாவியிலும் நின்ற இளைஞர்கள் குளித்து, தூய உடை உடுத்து, பெரியவர்களை வணங்கி முதன்முதலாகச் சதங்கை கட்டும் அந்த இரவில், பிள்ளையின் கால் தாளம் தப்பாமல் விழுகிறதா என்று தாய்மார் கண்ணிமைக்காமல் பார்த்திருப்பார்கள். அடுத்து முழுக் கூத்தையும் ஒத்திகை பார்க்கும் அடுக்குப் பார்த்தல், பிறகு அரங்கேற்றம், அதன் பின்னரே வீட்டுக்கு வீடு ஆடுதல்.

இங்குள்ள கூத்தில் வடமோடி, தென்மோடி என இரு பாணிகள் உண்டு; அரங்கேற்றத்தன்று எது ஆடப்படுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வடமோடியில் பெரும்பாலும் இதிகாசப் போர்க் கதைகள். அரசர்கள் கூடைபோல் விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் பாரமான முடியும் தரித்து வருவார்கள். தென்மோடியில் உடை இலகுவானது. அதற்கேற்ப ஆட்டம் நுணுக்கமானது, தாளக்கட்டுகளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வசந்தன், மகிடி, பறைமேளக் கூத்து ஆகியவையும் இங்குண்டு. அவற்றுள் பறைமேளக் கூத்தை ஆடுபவர்களுக்கு உரிய மதிப்பை நம் சமூகம் நெடுங்காலம் கொடுக்கவில்லை. அது ஆடப்படும் இடத்தில் முன்வரிசையில் அமர்ந்து பாருங்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் அம்மனின் சினத்தைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு நடைபெறும். அங்கு பாடப்படும் கண்ணகி கதைக் காவியத்தையும் குளிர்த்திப் பாடலையும் தவறவிடாதீர்கள். கூத்துக்கோ பெரும்போக வேளாண்மை வெட்டு (நெல் அறுவடை) முடிந்த கையோடு விசாரிக்கத் தொடங்குவது நல்லது. சுவரொட்டிக்குக் காத்திராமல், உங்களோடு வேலை செய்பவர்களுள் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சேர்ந்தவர் எவரேனும் இருந்தால் அவரிடமே கேளுங்கள். எந்த ஊரில் களரி தொடங்கியிருக்கிறது, அண்ணாவியார் யார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.